பென்சில் தேய்த்த இடம்

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தாவீதின் கொட்டகையில் இருந்தவர்கள் மூன்று பேர். வாசலையொட்டி, காற்று வரும் இடமாகப் பார்த்துக் குப்புராஜ். அவன் உட்கார்ந்திருந்தது பழைய அம்பாசிடர் காரின் பின்சீட். எங்கோ கண்டெடுத்துத் தலையில் சுமந்துவந்து அவனே போட்டது என்பதால் அதில் வேறு யாரும் உட்காருவதில்லை. அவனுக்கு எதிரே, கவிழ்த்த பெயின்ட் டின்மேல் தினசரித் தாளை விரித்துக் கிரேஸ். அவள் மடியில் ஹெல்மெட். இருவருக்கும் நடுவே சின்னதாக ஒரு பச்சை வண்டி. அதன் இடப்பக்கம், ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றித் தாவீது.

கும்மிடிப்பூண்டி ரயில் வந்து முடிகிற ஊர். இறங்குகிறவர்கள் தொழிற்பேட்டைக்குள் ஷிஃப்டுக்குப் போவார்கள். ஷிஃப்டு முடிந்தால் அதே ரயிலில் ஏறிப் போய்விடுவார்கள். பேட்டையின் கேட்டுக்குப் பக்கத்தில் மெக்கானிக் கொட்டகை போட்டிருந்த தாவீதுக்கு அவர்கள் பஞ்சர் ஒட்டுகிற நேரத்துக்கு மட்டும் மனிதர்கள். தங்கையை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்த பிறகு கொட்டகையின் பின்பாதியிலேயே அவனுக்குப் படுக்கையும் சமையலும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நாலு பேருக்கு ஸ்தோத்திரம் சொன்னானென்றால், அப்புறம் வாய்விட்டுப் பேசுவது சனிக்கிழமைதான். அன்றைக்குத்தான் கிரேஸ் வண்டி எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வருவாள். அவள் வருகிறாள் என்று தெரிந்தால் குப்புராஜும் வந்து சேருவான். இதற்காகவே தாவீது வெள்ளிக்கிழமை முடிக்கக்கூடிய வேலையில் கொஞ்சம் மிச்சம் வைப்பான்.

வண்டி சீனத்து மோட்டார் சைக்கிள். சோழவரத்தில் பழைய ரேஸ் மைதானத்துப் பக்கம் மண்ணில் வண்டியோட்டக் கற்றுத்தரப் போகிறோம் என்று யாரோ ஒரு சங்கம் வைத்து, ஐந்து வண்டிகளைக் கப்பலில் தருவித்தார்கள். சங்கம் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. சுங்கம் கட்டிய காகிதமும், இன்னின்னது பூட்டினால் ரோட்டில் ஓட்டலாம் என்ற பரிசோதனைக் கூடத்தின் ஒப்புதலும் இருந்ததைப் பார்த்துக் கிரேஸ் ஒன்றை வாங்கிப்போட்டாள். அவள் உயரம் நாலே முக்கால் அடி. எந்தப் பைக்கில் உட்கார்ந்தாலும் கால் தரைக்கு எட்டாது. ஆரம்பாக்கத்துக்கு அந்தாண்டை ஏரியோரத்து இறால் பண்ணைகளில் தண்ணீரின் உப்பைச் சோதிப்பது அவள் வேலை. மழை பெய்தால் பண்ணைக் கரைகளில் ஸ்கூட்டி வழுக்கி, அவளும் சோதனைக் குப்பிகளுமாகச் சேற்றில் கிடப்பார்கள். பொறுத்துப் பார்த்த முதலாளி, ‘இன்னும் நாலு மாசத்துக்குள் கரையில் ஓடுகிற சொந்த வண்டி, நம்பர் பிளேட்டோடு, இல்லாவிட்டால் நெல்லூர் ஆபீஸ்’ என்று சொல்லிவிட்டார். பொன்னேரியில் அவளுடைய அம்மா படுத்த படுக்கை. அவளை விட்டுவிட்டு நெல்லூர் போவது ஆகிற காரியமா?

ஆகவே மூன்று மாதமாக அந்த மண் வண்டியை ரோட்டு வண்டியாக்கிக்கொண்டிருந்தான் தாவீது. ஹெட்லைட், ஹார்ன், கண்ணாடி, திரும்புகிற விளக்கு எல்லாம் ஏறியாகிவிட்டது. பின்சக்கரத்தில் சேலை சிக்காமலிருக்கப் போடுகிற கம்பிவலை மட்டும் பாக்கியிருந்தது. அதை அன்றைக்குத்தான் பூட்டியிருந்தான்.

“இதுல சேலை கட்டிக்கினு எவ ஏறப்போறா? ஆட்டுக்குட்டிக்குத் தாவணி போட்ட மாதிரி கீது,” என்றான் குப்புராஜ்.

“ரூல்ல கீது, போடணும்.”

“நான் வேணா ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் முன்னாடி சேலை கட்டிக்கினு வரட்டாண்ணே?” என்றாள் கிரேஸ்.

“வாம்மா எறா டாக்டரம்மா. அப்படியே கல்யாணத்தையும் முடிச்சுக்கினு வந்துடு.”

தாவீது சிரித்துக்கொண்டே கார்புரேட்டர் பக்கம் குனிந்தான். வண்டியோடு வந்த கார்புரேட்டருக்கு வாய் சிறியது. தார் ரோட்டில் பிழைத்துக்கொள்ளும். சேற்றில் இரண்டாவது கியரில் முறுக்கினால் மூக்கடைத்தவன் மாடியேறுகிற மாதிரி திணறும். புதுப்பேட்டையில் அலைந்து, ஒரு நூல் பெரிய வாயாக ஒன்று பிடித்துவந்து, அதற்கேற்ற குழாயை லேத்தில் கடைந்து பூட்டியிருந்தான். முதலில் கறுப்பாகப் புகைந்தது. பெட்ரோல் வருகிற ஜெட்டைக் கழற்றி, துளை சிறிதான வேறொன்றை மாட்டினான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இன்னும் கரி. மறுபடி ஒரு ஜெட். இப்போது பிளக்கின் முனை வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது.

“வாய் பெருசுன்னா நெறைய குடிக்குமேண்ணே?”

“குடிக்கும். நம்ம குப்பு மாதிரி.”

“யோவ், வண்டியப் பத்திப் பேசு. என் வாயை இன்னாத்துக்கு இழுக்கற?”

தாவீது வண்டியை உதைத்துக் கிளப்பி, காற்றுத் திருகில் ஸ்குரூடிரைவரை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். கால் சுற்று உள்ளே, எஞ்சின் முனகியது. அரைச் சுற்று வெளியே, தடதடத்தது. மறுபடி சற்றே உள்ளே. ஓரிடத்தில் சத்தம் நூல் பிடித்தாற்போல் சீரானது. மூன்று பேரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“திங்கக்கிழமை காட்டிடலாம், கிரேசம்மா,” என்றான் தாவீது.

“அப்போ வர்ற சனிக்கிழமை நானே ஓட்டிக்கினு போயிடலாமா?”

“போயிடலாம்.”

குப்புராஜ் எழுந்து வண்டியின் கழுத்தைத் தடவினான். “இன்னா சொல்லு, என் கைப்பக்குவம்தான் இதுக்கு அழகு. கண்ணாடி கணக்கா கீது பாரு.”

அது பொய்யில்லை. பேட்டையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக் கேட்டோ கட்டில் சட்டமோ துருப்பிடித்தால் காசு கொடுத்துச் சுரண்டமாட்டார்கள். சனிக்கிழமை ஷிஃப்டில் தெரிந்தவன் கையில் கொடுத்துவிட்டால், கம்பெனிச் சாமான்களோடு சாமானாக அதுவும் மெஷினுக்குள் ஒரு சுற்றுப் போய்வரும். குப்புராஜ் வார்ப்பு ஆலையில் இரும்புமணிகளை வாரியடித்துத் துருவெடுக்கிற மெஷினில் இருந்தான். வண்டியை அக்கக்காகக் கழற்றிய நாளில் தாவீது சட்டத்தை அவனிடம்தான் கொடுத்தான். திருகு மரைகள் கெடாதிருக்க டேப் சுற்றித்தான் கொடுத்தான். வெள்ளிமாதிரி திரும்பி வந்தது. அப்புறம் இன்னொரு கம்பெனியில் ஜன்னல் கம்பிகளோடு தொங்கிப் பச்சை பூசிக்கொண்டது. கிரேஸ் அதைப் பார்த்துவிட்டு, “நம்ம வண்டிதானாண்ணே இது?” என்று கேட்டாள். அந்த ‘நம்ம’வைத் தாவீது வாரமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை போக்குவரத்து அலுவலகத்தில் ஆய்வாளர் அருணாச்சலம் வண்டியைச் சுற்றிவந்தார். விளக்கைப் பார்த்தார், ஹார்னை அடித்தார், கம்பிவலையை ஆட்டிப் பார்த்துத் தலையசைத்தார். புகையும் அளவுக்குள்தான் இருந்தது. எஞ்சின் எண் காகிதத்தோடு ஒத்துப்போயிற்று.

“சேஸிஸ் நம்பரை எடுப்பா,” என்றார்.

வண்டிக் கழுத்தில் வெட்டியிருக்கிற எண்ணின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், எண் வெள்ளையாக எழுந்து வரும். எத்தனையோ வண்டிக்குத் தாவீது செய்த வேலைதான். தேய்த்தான். தாளில் சாம்பல் தீற்றல்தான் வந்தது. தாளை நகர்த்தித் தேய்த்தான். அதே தீற்றல். பெருவிரலால் தடவினான், பச்சைப் பூச்சு குழந்தையின் கன்னம்போல் வழவழவென்றிருந்தது. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. சீனத்தான் எண்ணை ஆழமில்லாமல் வெட்டியிருந்தான். குப்புராஜின் மெஷின் துருவோடு அதையும் தின்றுவிட்டது. மிச்சத்தைப் பூச்சு மூடிவிட்டது. மரைக்கெல்லாம் டேப் சுற்றியவன் எண்ணுக்குச் சுற்ற மறந்திருந்தான்.

“எங்கப்பா நம்பர்?”

தாவீது நடந்ததைச் சொன்னான், ஆலையின் பெயரையும் ஆளின் பெயரையும் விட்டு. உடன் வந்திருந்த கிரேஸ் மதிலோரத்திலிருந்து கிட்டே வந்தாள்.

அருணாச்சலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கிரைண்டர் வச்சுத் தேய்ச்சிருந்தா அது போலீஸ் கேஸ். வண்டி இந்தம்மா பேர்ல இருக்கு, இவங்கதான் பதில் சொல்லணும். தெரியாம மெஷின்ல போயிருந்தா அது வேற. பார்த்தா நீ சொல்றது நிஜம்னுதான் எனக்குத் தோணுது. ஆனா எனக்குத் தோணினதை ஃபைல்ல கோத்து வைக்க முடியுமா? எந்தக் கம்பெனி, எந்த மெஷின், எப்படிப் போச்சு, எல்லாம் எழுதித் தபால்ல அனுப்பு. நான் நேர்ல போய் விசாரிச்சு மேல அனுப்பறேன். அதே நம்பரைத் திரும்ப வெட்ட உத்தரவு வரும். அந்தத் தபால் ரசீதை இவங்க ஆபீஸ்ல காட்டினா, கொஞ்ச நாள் பொறுத்துப்பாங்க.”

திரும்பும்போது கிரேஸ், “எழுதிடலாம்லண்ணே?” என்று ஒருதரம் கேட்டாள்.

“எழுதிடலாம்,” என்றான் தாவீது.

அன்றைக்கு ஷிஃப்டு விடுகிற நேரத்துக்கு ஆலை வாசலில் போய் நின்றான். குப்புராஜ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே முழுக்கக் கேட்டான்.

“கிரைண்டர்னு எழுது.”

“கிரைண்டர்னா கிரேசம்மா மேல கேஸு.”

“என் பேரப் போடாத, அப்போ.”

“போடமாட்டேன். கம்பெனி பேரப் போடணும்.”

“அந்த மெஷின்ல ஷிஃப்டுக்கு நாங்க ரெண்டே பேரு நைனா. பேரப் போட்டா இன்னா, போடாட்டி இன்னா? வர்ற தையில பெர்மனென்ட் பண்றேன்னு சொல்லிக்கீறாங்கோ. எத்தினி வருஷமா காத்துக்கினு கீறேன், உனக்குத் தெரியாதா?”

“நான் வந்து உங்க மேனேஜர் கால்ல விழறேன். எல்லாம் நான் பண்ணதுன்னு சொல்றேன்.”

“கேட்டுக்குள்ள உன்ன விடுவானா?” குப்புராஜ் சைக்கிளை நிறுத்தினான். “ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. வண்டி கைக்குப் போச்சுன்னா, அப்பால அந்தப் பொண்ணு உன் கொட்டாய் பக்கம் தலைவச்சுப் படுக்குமா?”

தாவீது யோசிக்கவில்லை. “வராது.”

“நான் வருவேன்.”

குப்புராஜ் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

மறுநாள் காலை, தாவீது நாஷ்டாவுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும்போது குப்புராஜ் வந்தான். உள்ளே வந்தவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்க்க அங்கே ஒரு முகம்தான் இருந்தது. அம்பாசிடர் சீட்டைப் புரட்டி, தூசியைத் தட்டித் தலையில் ஏற்றிக்கொண்டான்.

“குப்பு, டீ குடிச்சிட்டுப் போ.”

“டூட்டி கீது.”

செவ்வாய்க்கிழமை அவனுக்கு வார விடுமுறை. தாவீதுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும் என்பது குப்புராஜுக்கும் தெரியும். சீட் கேட்டைத் தாண்டி, சிமென்ட் லாரிகளுக்கு ஊடே தலைக்குமேல் ஆடிக்கொண்டே போவது வெகுநேரம் தெரிந்தது.

புதன்கிழமை, வழக்கமாக வருகிற நாள் இல்லாவிட்டாலும், கிரேஸ் வந்தாள். பெயின்ட் டின்னில் உட்காரவில்லை.

“எழுதிட்டீங்களாண்ணே? முதலாளி நேத்தும் கேட்டாரு.”

“இன்னிக்கி எழுதிடறேன். உக்காருங்க.”

“இல்லண்ணே, ரயில் வந்துடும்.” வாசலோரம் வெறுமையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தாள். “குப்பண்ணன் சீட்டு எங்க?”

“ஊட்டுக்கு எடுத்துக்கினு போயிட்டான். பிள்ளைங்க கேட்டுச்சாம்.”

அவள் சரியென்று போனாள். குப்புராஜின் வேலை போகலாம் என்று சொல்லியிருந்தால் ‘வேண்டாம்ணே, நான் நெல்லூருக்கே போயிடறேன்’ என்று சொல்லக்கூடியவள்தான். அதனால்தான் அவன் சொல்லவில்லை.

அவள் போன ரயிலின் சத்தம் அடங்கியதும் கைகளை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புப் போட்டு, மறுபடி கழுவி, பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆரணிப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த வரிசை மறக்கவில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா. கம்பெனியின் பெயரைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினான். மெஷின் இன்னது என்று எழுதினான். அப்புறம் பேனா நின்றது. வெளியே யாரோ டியூப்புக்குக் காற்றுக் கேட்டுக் கூப்பிட்டார்கள். எழுந்துபோய் அடித்துவிட்டு வந்து எழுதினான்: ‘அங்கே வேலை செய்தவருக்கு அது பதிவாகாத வண்டியின் சட்டம் என்று நான் சொல்லவில்லை. எண் உள்ள இடத்தை டேப் ஒட்டி மறைப்பது கொடுப்பவன் வேலை. கொடுத்தவன் நான். மறந்தவனும் நான். வண்டியின் சொந்தக்காரருக்கு இதில் எதுவும் தெரியாது.’ அதில் பொய் ஒன்றுமில்லை. அதனால் குப்புராஜ் தப்பிவிடமாட்டான் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை காலையில் தபாலாபீஸில் கூட்டமில்லை. பசைப் புட்டி காய்ந்திருந்தது. குழாயில் விரலை நனைத்துவந்து, புட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்ததைக் கரைத்தெடுத்து, உறையின் ஓரத்தில் தடவி மடித்து அழுத்தினான். ஒரு முனை எழும்பியது. ஸ்குரூடிரைவர் பிடிக்கிற பெருவிரலை அதன்மேல் வைத்து, ஒட்டுகிறவரை அழுத்திக்கொண்டே நின்றான்.

“ரிஜிஸ்டரா, சாதாவா?” என்றாள் உள்ளேயிருந்தவள்.

“ரிஜிஸ்டர்.”

“உள்ள இன்னா, லெட்டர்தானே?”

“லெட்டர்தான்மா.”

அவள் எடைபோட்டு, ஸ்டாம்பு ஒட்டி, முத்திரையை இரண்டு தடவை ஓங்கிக் குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். உறையை, பார்க்காமலே, பின்னாலிருந்த பையில் போட்டாள்.