ஹெல்டன்ஷாவில் விசாரித்தது

ஒரு கால்பந்து மட்சுக்கு முதல் நாள் எழுதப்படும் முன்னோட்டத்தை ஒருவரும் ஒழுங்காக வாசிப்பதில்லை. பன்னிரண்டு வருடமாக எழுதுகிறவன் சொல்கிறேன், நம்புங்கள். கடைசி வரியில் எத்தனைக்கு எத்தனை என்று போட்டிருப்பேன். நேரே அங்கே போவார்கள், பிறகு என்னைத் திட்டுவார்கள். சுவிஸில் எங்கள் தமிழ் ரசிகர் குழுவில் நானூற்றுச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். எங்கள் அணி லண்டன் அணி. எது என்று சொன்னால் உங்களில் பாதிப்பேர் இந்த இடத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள், ஆகவே சொல்லவில்லை.

யாருக்குக் கணுக்காலில் காயம், யார் இடது பக்கம் விளையாடுவார் என்பதை எழுத உலகத்தில் ஆயிரம் பேர் உண்டு. நான் எழுதுவது எதிரணியின் கதையையும் அதன் ஊரையும். அதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்தில் எந்த ஊரை எடுத்தாலும் ஒரு கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு தமிழர் நின்றுகொண்டிருப்பார். என் மனைவி செல்வராணியின் மச்சான் லூட்டனில் மொத்த வியாபாரம் செய்கிறான், அவனுடைய வான் போகாத ஊரில்லை. அவனிடம் அந்த ஊர்க்காரரின் நம்பரை வாங்குவேன். பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில் நான் சமைக்கும் முதியோர் இல்லத்தின் பின்வாசலில், மத்தியானச் சாப்பாடு முடிந்து கிடைக்கும் பவுசெயில், அந்த அரைமணி ஓய்வில், நின்று கதைப்பேன். மைதானத்துக்குப் பக்கத்தில் என்ன மணக்கும், தோற்ற நாளில் சனம் எந்தத் தெருவால் வீட்டுக்குப் போகும் என்பதெல்லாம் இணையத்தில் கிடைக்காது.

இந்த முறை எஃப்.ஏ. கோப்பை மூன்றாம் சுற்றில் எங்களுக்கு வந்து விழுந்தது ஹெல்டன்ஷா. வடக்கு இங்கிலாந்தில் ஒரு பழைய நெசவாலை ஊர். கழகத்துக்கு நூற்று நாற்பது வயதுக்கு மேல், இப்போது நாலாம் பிரிவில் கிடந்து இழுபடுகிறது. குலுக்கல் முடிந்ததும் குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த ஊரின் பெயரை இரண்டு கிழமைக்கு முன்புதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டிருந்தேன், என் மகளின் வாயிலிருந்து.

மகள் சிவானுஜாவுக்கு இருபத்தொன்பது வயது. சோலோதுர்னில் பிசியோதெரபிஸ்டாக வேலை. போன குளிர்காலம் எங்கடின் மலைப்பக்கம் ஒரு ஹோட்டலுக்கு சீசன் வேலைக்குப் போனபோது, பனிச்சறுக்க வந்து முழங்காலைப் பிரட்டிக்கொண்ட ஒரு பெடியனைப் பார்த்திருக்கிறாள். முழங்கால் மூன்று கிழமையில் சுகமாகிவிட்டது, பெடியன்தான் போகவில்லை. பெயர் சாயிசன். மான்செஸ்டரில் இஞ்சினியர். தகப்பன் பெயர் யோகராஜா, ஊர் ஹெல்டன்ஷா. நவம்பரில் வீட்டுக்கு வந்தவள் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்பா, நான் உங்களிட்டக் கேக்கிறது ஒண்டே ஒண்டுதான். விசாரிக்க வேண்டாம்.”

“நான் எங்க பிள்ளை விசாரிக்கிறன்?”

“விசாரிப்பியள். ஆரையும் பிடிச்சு எவடம், ஆற்றை ஆக்கள் எண்டு கேப்பியள். ஜனவரியில சாயிசன்ர அப்பா வீடியோவில வருவார், நேர கதையுங்கோ. அதுக்கு முதல் நீங்கள் விசாரிச்சதெண்டு எனக்குத் தெரிய வந்தால், உங்களுக்குச் சொல்லாமலே கலியாணத்தை முடிச்சுப்போடுவன்.”

கோபத்தில் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்கமாட்டேன். நோயாளிக்கு மருந்து சொல்கிற குரலில் சொன்னாள். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. சரி என்றேன், இரண்டு தரம் சொன்னேன்.

விசாரிப்பது என்றால் என்னவென்று தெரியாத பாக்கியசாலிகளுக்குச் சொல்கிறேன். பெடியன் குடிப்பானா, வேலை உண்மைதானா என்பதெல்லாம் மேலுக்கு. அடியில் கிடப்பது ஒரே கேள்வி. சாதி என்ற சொல்லை நாங்கள் வாயால் சொல்லமாட்டோம், அவ்வளவு நாகரிகம். “ஊரில எவடம்? எந்தக் கோயிலடி?” என்போம். பதிலில் ஒரு சின்னத் தெருவின், ஒரு ஒழுங்கையின் பெயர் வந்தால் போதும், மிச்சத்தை நாங்களே விளங்கிக்கொள்வோம். முப்பத்தைந்து வருடமாகப் பேர்னில் இருக்கிறேன். ட்ராமில் பக்கத்தில் இருப்பவர் யார் பெற்ற பிள்ளை என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஆனால் இந்தக் கேள்வி மட்டும் எனக்குள் பழுதாகாமல் இருந்தது.

மட்ச் சனிக்கிழமை, வீடியோ ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. புதன்கிழமை லூட்டனில் இருந்து நம்பர் வந்தது. “கண்ணன் அண்ணை, ஹெல்டன்ஷா” என்று மச்சான் எழுதியிருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், போன் எடுத்தபோது பந்தைத் தவிர வேறொரு நினைப்பும் எனக்கு இருக்கவில்லை. சரி, கொஞ்சம் இருந்தது.

“அண்ணை, நான் பேர்னில இருந்து கதைக்கிறன். பந்தடி பற்றி எழுதிறனான்” என்று தொடங்கினேன். மனிதர் நல்ல கதைகாரர். மைதானத்தின் வாசலுக்கு நேர் எதிரே கடையாம். இருபத்திரண்டு வருடம். மட்ச் நாளில் இறைச்சி வைத்த ‘பை’ என்கிற பலகாரம் சுடுகிற மணம் காலை பத்து மணிக்கே கடைக்குள் வந்துவிடுமாம். வந்த புதிதில் யாரோ கண்ணாடிக்குக் கல்லால் எறிய, அடுத்த நாள் கழகத்தின் புல் வெட்டுகிறவர் தானே பலகையோடு வந்து அடைத்துக்கொடுத்தாராம். எண்பது வயதுக் கிழவிகள் இருவர் கம்பளிப் போர்வையோடு எப்போதும் ஒரே இடத்தில் இருப்பார்களாம். நான் பேப்பர் துண்டில் எழுதிக்கொண்டே வந்தேன்.

“கழகத்து மண்டபத்தில ஒரு பழைய படம் கிடக்கு” என்றார். “தெற்கில இருந்து பெரிய இடத்துப் பெடியள் விளையாட வந்தவையாம். எல்லாரும் படிச்ச, காணி பூமி உள்ள ஆக்கள். எங்கட நெசவுகாரர் அவையை மூண்டுக்கு ஒண்டு வெண்டிட்டினம். மட்ச் முடிய ரண்டு பகுதிக்கும் ஒரே மேசையில சாப்பாடு வச்சிருக்கு. வந்தவை இருக்கமாட்டம் எண்டிட்டினம். தறியில நிக்கிறவனோட ஒரே மேசையோ எண்டு. ஸ்ரேசனுக்குப் போய்க் கோச்சியைப் பிடிச்சுப் பசியோட போட்டினமாம். அந்த வெறும் கதிரையளைத்தான் படம் எடுத்து வச்சிருக்கினம்.”

முன்னோட்டம் முழுவதும் கையில் வந்து விழுந்துவிட்டது. நன்றி சொல்லிப் போனை வைத்திருக்கவேண்டும். வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

“அண்ணை, அங்க தமிழாக்கள் கனபேரோ?”

“நாலு குடும்பம்.”

“யோகராஜா எண்டொருத்தர் இருக்கிறாராம், மகன் மான்செஸ்டரில. ஆக்கள் எப்பிடி?”

அந்தப் பக்கம் கல்லாப்பெட்டி மூடும் சத்தம் கேட்டது. கடைக்கு யாரோ வந்ததாக நினைத்தேன்.

“ஏன் கேக்கிறியள்?”

“ஒரு கலியாண விசயம்.”

“மனுசன் முன்கோபி. பெடியன் நல்லவன், அதில ஒரு பிழை சொல்லேலாது. தாய்க்காரி தவறி எட்டு வருசம்.”

“ஊரில எவடம் அண்ணை? எந்தப் பக்கத்து ஆக்கள்?”

“அதை அந்தாளிட்டையே கேளுங்கோவன். கேட்டால் சொல்லுவார்.”

“நேர எப்பிடிக் கேக்கிறது?” என்று சிரித்தேன். “மரியாதையில்லைத்தானே.”

அவர் சிரிக்கவில்லை. “ஓம்” என்றார், “மரியாதையில்லைத்தான்.” கடையில் ஆள் வந்துவிட்டதென்று வைத்துவிட்டார்.

நாலு குடும்பம் உள்ள ஊரில் ஒருவரிடம் இன்னொருவரைப் பற்றிக் கேட்கிறேன், அந்த இன்னொருவர் அவராகவே இருக்கலாம் என்பது என் மண்டையில் ஏறவில்லை. எங்களுக்கெல்லாம் கடவுச்சீட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். நித்தியானந்தன் என்று என்னைக் கூப்பிடுவது கிமைண்டே என்கிற நகரசபையில் இருந்து வரும் கடிதம் மட்டும்தான், மற்ற எல்லோருக்கும் நான் பபா. அப்படிப்பட்ட நான்தான் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முன்னோட்டம் போனது. வெறும் கதிரைகளில் தொடங்கி, பந்துக்கு யாருடைய பிறப்பும் தெரியாது என்று முடித்திருந்தேன். எழுதும்போது மெய்யாகவே கண் கலங்கியது, அதையும் மறைக்கப்போவதில்லை. புதன்கிழமை நான் கேட்ட கேள்வி ஞாபகத்துக்கு வரவேயில்லை. இரண்டும் ஒரே ஆளுடைய தலைக்குள் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தன, நடுவில் கதவு இல்லை. கீழே மூன்றுக்குப் பூச்சியம், நாங்கள் வெல்வோம் என்று போட்டேன். குழுவில் அறுபது பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள்.

சனிக்கிழமை ஒன்றுக்குப் பூச்சியம் தோற்றோம். எண்பத்தோராவது நிமிடத்தில் ஒரு கோர்னர், அவர்களுடைய நெட்டைப் பின்காவலரின் தலை, அவ்வளவுதான். அறுபது கைகூப்பும் வசையாக மாறின.

ஞாயிறு பின்னேரம் சிவானுஜா மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். செல்வராணி யூரோப்பாபிளாட்ஸ் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்து நெற்றியில் சந்தனத்தோடு இருந்தாள். நான் கழுத்துப்பட்டி கட்டியிருந்தேன். திரையில் ஒரு பெடியன் முகம், வடிவான முகம். பக்கத்தில் நரைத்த தலையோடு ஒருவர்.

“வணக்கம். எல்லாரும் சுகமோ?” என்றார் அவர்.

அந்தக் குரலைப் புதன்கிழமை போனில் கேட்டிருந்தேன். செல்வராணி சும்மா இருக்காமல், “ஊரில உங்களை என்னெண்டு கூப்பிடுறவை அண்ணை?” என்று கேட்டாள்.

“கண்ணன் எண்டுதான்” என்றார். கேட்டது செல்வராணி, பார்த்தது என்னை.

பிறகு அவர் என்னிடம், “நேற்று மட்ச் பாத்தனீங்களோ? எங்கட சனம் விடிய விடியக் கத்தினது” என்றார். பாத்தனான் என்றேன். ஊர், குளிர், மகனின் வேலை என்று கதை போனது. அவர் ஒன்றையும் வெளிவிடவில்லை. காப்பாற்றுகிறார் என்று விளங்கியது. காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது. இன்னும் பத்து நிமிடம், வணக்கம் சொல்லி மூடிவிடுவோம், மகளுக்கு ஒருநாளும் தெரியவராது.

அப்போது அவர் சொன்னார்: “நான் பெடியனைப் பெத்தவன். உங்களுக்கு எங்களைப் பற்றி ஏதும் தெரிய வேணுமெண்டால் இப்ப கேளுங்கோ. நேர கேக்கிறதில எனக்கொண்டும் இல்லை.”

குரலில் குத்தலில்லை. உண்மையாகவே கேட்கச் சொன்னார். செல்வராணி என் பக்கம் திரும்பினாள். சிவானுஜா பெருமையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்குக் காப்பாற்றிய தகப்பனைப் பார்க்கும் பார்வை அது. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. பெண்பிள்ளை இருபத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“நான் கேட்டிட்டன்” என்றேன்.

“என்னத்தை?” என்றாள் மகள்.

“புதன்கிழமை. பந்தடி விசயமாக் கதைக்கேக்க. அண்ணையிட்டையே அண்ணையைப் பற்றி. அவர்தான் யோகராஜா எண்டு எனக்குத் தெரியாது.”

“என்ன கேட்டனீங்கள்?”

“எவடம் எண்டு.”

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். சாயிசன் தகப்பனைப் பார்த்தான். அவனுக்கும் இது புதிது.

“கேட்டவர்” என்றார் கண்ணன் அண்ணை. “நான் இன்னும் மறுமொழி சொல்லேல்லை. சொல்லட்டோ?”

“ஐயோ வேண்டாம் அண்ணை” என்றேன். அவசரமாகச் சொன்னேன்.

சிவானுஜா கதிரையை என் பக்கம் திருப்பினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

“அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு இப்பவும் தெரிய வேணும் போல இருக்கோ?”

இல்லை என்று சொல்வது எவ்வளவு சுகம். நாலு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். வெட்கம் தலைக்கு மேல் போயிருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில், எங்கேயோ, அந்த ஒழுங்கையின் பெயருக்காகக் காது தீட்டியபடி ஒருவன் இன்னும் இருந்தான். அவனும் நான்தான்.

“ஓம்” என்றேன்.

செல்வராணி முகத்தைப் பொத்திக்கொண்டாள். சிவானுஜா திரைப் பக்கம் திரும்பினாள். அதுவரை அங்கிள் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் முதல் தடவையாக அந்தச் சொல்லைச் சொன்னாள்.

“மாமா, நீங்கள் சொல்லாதேங்கோ. ஒருநாளும் சொல்லாதேங்கோ. அப்பா தெரியாமலே கலியாணத்துக்கு வரட்டும்.”

அவர் தலையாட்டினார்.

ஜூன் மாதம் பேர்னில் கலியாணம் நடந்தது. சம்பந்திகள் இருவரையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினார்கள், அவர் என் தட்டில் வடை எடுத்து வைத்தார். எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. லூட்டனுக்கு ஒரு போன் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒவ்வொரு நாளும் எடுக்காமல் இருக்கிறேன்.