சகாயவினோத்தின் முறை

இன்னாசி தம்பியின் வலதுகை விரல்களை மூன்றாவது தடவையாக நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. குளிர்பெட்டியிலிருந்து உடலை எடுத்து அரைமணி நேரமாகியும் கை இறுக மூடியே இருந்தது. இரண்டு கையையும் கோத்துச் செபமாலை சுற்றாமல் எப்படிக் கோயிலுக்குக் கொண்டுபோவது?

“ஒடிச்சுத்தான் விரிக்கணும் போல,” என்றார்.

“வேணாம் அத்தான்,” என்றாள் பிரெசில்லா. செத்துக் கிடந்த சகாயவினோத் அவள் புருஷன். அவன் விரலிடுக்கில் சிவப்பாக ஒரு மூலை தெரிந்தது. பிள்ளைகள் வீடு கட்டி விளையாடும் பிளாஸ்டிக் கட்டை.

நேற்று விடிகாலையில் அவன் கடலிலிருந்து வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். முந்தின நாள் சண்டையில் அவள் ஒரு வார்த்தை பேசாமல் ஏழு மணிக்கு நண்டுக் கம்பெனிக்குப் போய்விட்டாள். எட்டு மணிக்கே மூச்சு நின்றிருக்கும் என்றார் டாக்டர். கடலுக்குப் போய்வந்து படுத்தவனைத் தங்கச்சிமடத்தில் யார் எழுப்புவார்கள்? சாயங்காலம்வரை பிள்ளைகள் அவன் பக்கத்திலேயே விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவன் கோபத்தோடேயே போய்விட்டானா என்பது மட்டும் தெரிந்தால் போதும் அவளுக்கு.

“இந்தக் கட்டைய யாரு வாங்குனது?”

நாத்தனார் ஆஸ்லின் தலையைக் குனிந்தாள். “நான்தான் மதினி. நேத்துப் பத்து மணிக்கு ராம்நாட்ல இருந்து கொண்டாந்தேன். அண்ணன் தூங்குதேன்னு சத்தங்காட்டாமக் குடுத்துட்டுப் போனேன்.”

பத்து மணி. மூச்சு நின்று இரண்டு மணி நேரம் கழித்து.

மூலையில் ரூபஸும் ஜெனியும் கட்டைகளால் நீளமாக ஒரு போட் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு ஆறு வயது, அவளுக்கு நாலு. அவன் ஒரு கட்டை வைத்தான், அவள் ஒன்று வைத்தாள். பிறகு இருவரும் அப்பாவின் பக்கம் பார்த்துக் காத்திருந்தார்கள்.

“ஏலே, ஏன் நிப்பாட்டிட்ட?”

“அய்யா முறைம்மா,” என்றான் ரூபஸ். “நேத்துல இருந்து வைக்காமக் கையிலயே வச்சிருக்காக.”

“நீதான குடுத்த?”

“இல்ல. அவுகளே எடுத்தாக.”

“அது அம்மா உக்கார்ற எடம்,” என்றாள் ஜெனி. “நான்தான் வைப்பேன்னு சொன்னாக.”

இன்னாசி சிலுவை வரைந்துகொண்டார். பிரெசில்லாவுக்குப் பயமாக இருந்தது. அதைவிட அதிகமாக, வெட்கங்கெட்டுப்போய், சந்தோஷமாக இருந்தது. அவன் காதருகே குனிந்தாள்.

“குடுங்க,” என்றாள். இரண்டு நாளில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கட்டை அவள் உள்ளங்கையில் விழுந்தது. அத்தனை நேரம் குளிர்பெட்டிக்குள் கிடந்தும் அது வெதுவெதுப்பாக இருந்தது.

கோயில் மணி அடித்தது. இன்னாசி அவசரமாகச் செபமாலையைச் சுற்றினார்.

போட்டின் நடுவே காலியாக இருந்த இடத்தை ஜெனி தொட்டுக் காட்டினாள். “இங்கன வைங்கம்மா. வச்சதும் போட்டு கெளம்பிரும். அய்யாகூட நம்ம எல்லாரும் போயிரலாம்.”

பிரெசில்லா பிள்ளைகள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். கட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து போட்டைக் கழற்ற ஆரம்பித்தாள். ஜெனி அழுதாள். வாசலில் தூக்குவதற்கு ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். கடைசி இரண்டு கட்டைகளும் பிரியும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.