அவனே வந்து சொன்னான்

...கொஞ்சம் வந்துட்டுப் போங்க என்றாரே தவிர, தம்பி வேலை பார்க்கும் தச்சுப் பட்டறை முதலாளி போனில் என்ன ஏது என்று சொல்லவில்லை, இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா, அணைத்தோம், அணைத்தோம், பாதித் தெரு வந்தாயிற்று, தம்பி யார் மேலாவது கை வைத்துவிட்டானா... போன வருஷம் அக்கா என்றும் பார்க்காமல் அவளைத் தள்ளிய மாதிரி, முழங்கை எலும்பு விலகி அவள் சுருண்டு கிடக்க, 'நீயும் அவங்க ஆளு, சோத்துல விஷம் வைக்கிறே' என்று கத்திய முகம் தம்பியின் முகமே இல்லை, அது மனச்சிதைவு, வியாதி என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது, சொந்தபந்தமோ எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுட்டு வா என்றது, உங்க வேலையைப் பாருங்க என்று கதவைச் சாத்தினாள், இன்றைக்கு அவர்கள் வாய்க்கு அவல் ஆகிவிடுமா?

பட்டறையில் கூட்டம் இல்லை, ரத்தம் இல்லை. தம்பி மரத்தூள் படிந்த கைகளைக் கோத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் இருந்தான். முதலாளி குரலைத் தணித்தார். "பயப்படாதீங்கம்மா. பாலிஷ்காரர் ரேடியோ கேட்டுச் சிரிச்சிருக்காரு. இவன் உளியைக் கீழ வெச்சுட்டு நேரா எங்கிட்ட வந்தான். 'அண்ணே, காதுல ஒரு குரலு, அவரு உன்னைப் பாத்துத்தான் சிரிக்கிறாரு, குத்துன்னு சொல்லுது. பொய்யின்னு தெரியுது, ஆனா நிக்க மாட்டேங்குது, அக்காவைக் கூப்பிடுங்க'ன்னான். உடனே உங்களுக்குப் போன் போட்டேன்."

அவனேவா சொன்னான்! காதில் எந்தக் குரலும் கேட்காதவர்களே கை ஓங்கிவிட்டு அப்புறம்தான் யோசிக்கிறார்கள், இவன் தலைக்குள் ஒரு ஊரே கூடிக் கத்தும்போது உளியைக் கீழே வைத்தானே, என் தம்பி, என் தம்பி... எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. டாக்டரிடம் போகிற பஸ்ஸில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன வருஷமும் இப்படிச் சொல்லியிருக்கலாம்லடா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "சொல்லணும்னுதான்க்கா இருந்தேன். அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா செவுத்தப் பாத்துப் படுத்திருந்தேனே, அப்பவே. செத்துடலாம் போல இருந்துச்சு. நீ பக்கத்து வீட்டு அக்காகிட்ட, இப்பல்லாம் அமைதியா இருக்கான்னு சந்தோஷமா சொல்லிட்டிருந்தே..."

ஆமாம், சொன்னாள், எழுந்திருக்காமல் குளிக்காமல் கிடந்தவனைப் பார்த்து, அப்பாடா அடங்கிவிட்டான் என்றுதானே நிம்மதியாகத் தூங்கினாள், அடித்தால்தான் வியாதியா? பிடித்த கையை அவள் விடவில்லை, பெருமையும் ஒரு துளி குறையவில்லை, பஸ் திரும்பியது, தம்பி மறுபடி பேசாமல் வந்தான், இது எந்த அமைதி என்று அவளுக்குத் தெரியவில்லை, முதல் முறையாக, அவனிடமே கேட்க வேண்டும் என்று தோன்றியது...