பார்லி அளவு

கவராயத்தின் ஒரு முனையை ஹேட்சின் இடக்கண் ஓரத்திலும் மறுமுனையை வாயோரத்திலும் வைத்துப் பார்த்தார் சிற்பி டென்னி. அளவு மறுபடியும் கூடியிருந்தது.

யூடிகா நகரத்தில் அசாஹெல் டென்னியைத் தெரியாதவர் இல்லை. வீட்டுக்குள் அழைக்க விரும்புகிறவரும் இல்லை. வெர்மான்ட் சுரங்கத்தில் கல் உடைத்து, கல்லறைப் பலகைகளில் எழுத்து வெட்டி, பிறகு முகங்களுக்கு வந்தவர். ஃபிளாரன்ஸ் போய் மூன்று வருஷம் பயில வேண்டும் என்று இளமையில் ஒரு பயணப்பெட்டி வாங்கி வைத்திருந்தார். அதில் இப்போது ஈரத்துணிகள் இருந்தன. இருபது வருஷமாக அவரைக் கூப்பிட்டதெல்லாம் சாவு வீடுகள்தாம். உடல் விறைப்பதற்குள் போய், முகத்தில் எண்ணெய் தடவி, பிளாஸ்டரை ஊற்றி அச்செடுத்து வருவார். அதிலிருந்து பளிங்கில் கண்ணைத் திறந்துவைப்பது அவர் வேலை. உயிரோடு அவர் முன்னால் உட்கார்ந்தவர்கள் மூன்றே பேர். மூவரும் வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டார்கள். அதன்பின் யாரும் வரவில்லை.

மாவு ஆலைக்காரர் லூசியஸ் ஹேட்ச் மட்டும் பயப்படவில்லை. நகர மன்றக் கூடத்தில் வைக்கப்போகும் மார்பளவுச் சிலைக்கு டென்னிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். சிலை திறக்கும் நாளில் அதன் பக்கத்திலேயே ஹேட்சும் நின்று சிரித்தால், ஊர்ப்பேச்சு அன்றோடு ஓயும். டென்னிக்கு அது போதும்.

"ஊர்ல என்ன சொல்றாங்க தெரியுமா டென்னி? நீ அளவெடுத்தா, சவப்பெட்டி செய்யற தச்சனுக்கும் சேத்து எடுத்த மாதிரியாம்" என்று முதல் நாளே ஹேட்ச் சிரித்தார். டென்னியின் மனைவி ட்ரூசில்லா மட்டும் சிரிக்காமல் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

இரண்டாம் அமர்வில் அளவு பொருந்தாதபோது, முதல் நாள் தன் கைதான் பிசகியது என்று நினைத்தார். களிமண்ணைச் சுரண்டி வாயோரத்தை இறக்கினார். மூன்றாவதிலும் இறக்கினார். திருமதி ஹேட்ச் வந்து பார்த்து, சாயல் அப்படியே இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஏன் சலித்துக்கொள்கிறார் என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்று மாலை டென்னி, பலகையில் பென்சிலால் கீறியிருந்த முதல் நாள் அளவுகளை எடுத்துப் பார்த்தார். வலப்பக்கத்தில் ஒரு மயிரிழை மாறவில்லை. இடப்பக்கம் மட்டும், இரண்டு முறையும் கீழ்நோக்கி. பிசகியது கை அல்ல. ஹேட்சின் முகத்தில் நோய் இறங்க இறங்க, அதன் பின்னாலேயே போய் மண்ணிலும் அதை எழுதியிருக்கிறார்.

இன்று, நாலாவது அமர்விலும் அதேதான். சொன்னால் இந்த மனிதர் எழுந்து போய்விடுவார். வாசல் தாண்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு அமர்வில் வேலை முடியும். நாலாவது ஆள் என்று அவருக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

ஹேட்ச் கையுறையைக் கழற்றப் பார்த்தார். இடக்கை விரல்கள் மடங்கவில்லை. குளிர் என்று சொல்லி, பல்லால் இழுத்துக் கழற்றினார்.

"ஐயா, இன்னைக்கே ஒரு டாக்டரப் பாருங்க" என்றார் டென்னி.

அடுப்பில் விறகு சரிந்தது. ஹேட்ச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு வாயின் ஒரு பாதியோடு நின்றுகொண்டது.

"எவ்வளவு?"

டென்னி கவராயத்தை முதல் நாள் அளவுக்கும் இன்றைய அளவுக்குமுள்ள வித்தியாசத்துக்குத் திறந்து நீட்டினார். இரு முனைகளுக்கும் நடுவில் ஒரு பார்லி மணி நிற்கும். ஹேட்ச் அதை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அந்த இடைவெளி வழியாகத் தெருவைப் பார்த்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வரேன்" என்றார் கடைசியில். "முத நாள் முகத்தையே வை. இது எனக்கு வேண்டாம்."

மறுநாள் காலை டென்னி வாயோரத்தில் மண் சேர்த்து மேலே ஏற்றினார். கை அந்த இடத்துக்குப் போக மறுத்தது. ஏற்றிய பிறகு முகம் ஹேட்சுடையதாகவே இல்லை. மண் காயாமலிருக்க ஈரத்துணியைப் போர்த்தினார். அது மூக்கிலும் உதட்டிலும் ஒட்டிக்கொண்டது.

கை கழுவத் திரும்பியபோது கவனித்தார். ஈரம் கோக்காமலிருக்க பிளாஸ்டர் மூட்டையை ட்ரூசில்லா அடுப்போரம் நகர்த்தி வைத்திருந்தாள். எண்ணெய்க் குப்பியும் பக்கத்தில் இருந்தது.

"யாரு கேட்டா இத?"

"யாரும் கேக்கலீங்க" என்றாள். குப்பியை எடுத்து மறைக்கவில்லை.

மாதாகோவில் மணி பத்து அடித்து ஓய்ந்தது. தெருக்கோடியில், பனியில் சறுக்கிவரும் வண்டியின் குதிரைச் சலங்கை கேட்டது. ஹேட்சின் வண்டிதான், அந்தச் சலங்கை அவருக்குத் தெரியும். வழக்கமாக ஹேட்சே ஓட்டி வருவார்; குதிரையை அதட்டும் அவர் குரல் மட்டும் கேட்கவில்லை. சலங்கை நெருங்கி, வாசலில் வந்து நின்றது. குதிரை ஒருமுறை தலையை உதறியது. டென்னி கவராயத்தைக் கையில் வைத்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியிலிருந்து யாரும் இறங்கும் சத்தம் வரவில்லை.