மேனேஜரின் பாதி மாத்திரை

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் 2013இல், திண்டிவனத்தில் ஒரு நாய் டாக்டரின் கிளினிக்கில், என் பூனையின் காதுப் புண்ணுக்காகக் காத்திருந்தபோது ஒட்டுக்கேட்டது. எங்கள் தொழிலில் அதற்குக் கவனித்தல் என்று பெயர்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘வலிக்கு மொழி இல்லை, வாயில்லா ஜீவனின் மௌனத்தில் அது—’

அடித்துவிட்டேன். அந்த நாய்க்கு நல்ல வாய் இருந்தது.

2

சுப்பராயலு, விழுப்புரம்–திண்டிவனம் தனியார் பஸ்ஸில் முப்பது வருஷம் டிரைவர். வேலையை விட்டபின் ஒலக்கூரில் மனைவி தையல்நாயகியோடும் ஒரு நாயோடும் இருந்தார். நாயின் பெயர் மேனேஜர். (பஸ் கம்பெனி மேனேஜரின் சொந்தப் பெயரையே வைக்க நினைத்தாராம். தையல்நாயகி விடவில்லை.)

பதினோரு வயதில் மேனேஜருக்குப் பின்னங்கால் பிடித்துக்கொண்டது. எழுந்திருக்கும்போதெல்லாம் முனகியது. சுப்பராயலு தன்னுடைய முட்டிவலி மாத்திரையை இட்லிக்குள் வைத்துக் கொடுத்தார். நாய் வாந்தியெடுத்தது. ஷேர் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள்.

“மனுஷ மாத்திரைய நாய்க்குக் குடுக்கவே கூடாதுங்கய்யா. வயித்தப் புண்ணாக்கிடும்,” என்றார் டாக்டர் கலைப்பிரியா. பிறகு தரையில் உட்கார்ந்து, மூட்டு மூட்டாக அழுத்தி, நாயின் முகத்தையே பார்த்தார். “இங்கயாடா? இங்க வலிக்குதா?”

ஓரிடத்தில் மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிறு சரியானதும் கொடுக்கச் சொல்லி, எடைக்குத் தகுந்த நாய் மாத்திரை எழுதினார். தினம் ஒன்று. நான்காம் நாள் மேனேஜர் மாடிப்படி ஏறியது.

[இதெல்லாம் தையல்நாயகி பெஞ்சில் சொன்னது. நான் கண்ணால் பார்த்தது இனிமேல்தான். இடையில் கம்பவுண்டர் அலுத்துக்கொண்டதையும் சேர்த்துவிடுகிறேன்: “முன்னெல்லாம் வெறிநாய் ஊசிக்குத்தான் வருவாங்க. இப்ப ஊர்ல இருக்கிற அத்தன நாய்க்கும் முட்டி வலி!”]

3

அடுத்த வாரம் மேனேஜர் மறுபடி நொண்டியது. அதனால்தான் அன்று வந்திருந்தார்கள். டாக்டர் அறையின் கதவு திறந்திருந்தது.

“மாத்திர தினம் குடுத்தீங்களா?”

“குடுத்தேங்க.”

“முழுசா?”

சுப்பராயலு மின்விசிறியைப் பார்த்தார். “பாதி.”

“மீதி?”

(நான் எழுதிய ஒரு பிரதியில் மீதியை எலி தின்கிறது. இன்னொன்றில் தையல்நாயகி ஒளித்துவைக்கிறார். இரண்டும் நம்பும்படியாக இருந்ததால் கிழித்துவிட்டேன்.)

“நான்தான் முழுங்கிக்கினு இருந்தேன்.”

“இன்னாய்யா சொல்ற?” என்றார் தையல்நாயகி.

“நாலே நாள்ல அது மாடி ஏறிடுச்சு. நான் மூணு வருசமா மாத்திர போட்டுக்கினு கீழயே கெடக்கறேன்.”

“நாய் மாத்திரைய மனுஷங்க சாப்டலாமாய்யா?” டாக்டர் குரல் உயர்ந்துவிட்டது.

“மனுஷ மாத்திரைய நாய்க்குக் குடுக்கக் கூடாதுன்னுதான் சொன்னீங்க. இத நீங்க சொல்லவே இல்லயே மேடம்.”

பெஞ்சில் இருந்த நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். சுப்பராயலு சிரிக்கவில்லை. நாயின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, “ஒம் பங்க தின்னுட்டேன்டா,” என்றார்.

4

“உங்க முட்டிய யாராவது தொட்டுப் பாத்தாங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“எங்க வலிக்குதுன்னு சொல்றதுக்குள்ள சீட்டு எழுதிடுவாங்க. நீங்க இதுகிட்ட கீழ உக்காந்து கேட்டீங்க. அதப் பாத்துட்டுதான், நானு...”

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கப்போவதில்லை.

மேனேஜருக்கு முழு மாத்திரை. அவருக்கு எலும்பு டாக்டர். “என்ன முழுங்குனீங்கன்னு அவர்கிட்ட மறைக்காம சொல்லணும்.”

“பேஜாராப் போச்சே,” என்றார் சுப்பராயலு.

5

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தையல்நாயகி முந்தானையைச் செருகிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, தரையில் உட்கார்ந்தார். புருஷனின் வலது முட்டியை அழுத்தி, அவர் முகத்தையே பார்த்தார்.

“இங்கயா?”

முப்பது வருஷம் கிளட்ச் மிதித்தது இடது கால். வலித்ததும் இடது முட்டிதான்.

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில், “அது இல்ல, இந்தக் காலு,” என்கிறார். மற்றதில், “ஆமா, அங்கதான்,” என்கிறார். அவர் எதைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்; ஒன்றரை அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.

சொல்லமாட்டேன். தையல்நாயகி இன்னும் கையை எடுக்கவில்லை. நீங்கள் பதில் சொல்லுங்கள்.