தாமதமாக விடிந்த வீடு

பொதிமாட்டுக்காரன் வீரையா குரங்கணிப் பாதையில் விழுந்து செத்த பிறகு, போடிநாயக்கனூரில் அவன் வீட்டுக்கு மட்டும் பொழுது தாமதமாக விடிந்தது. தெருவில் மற்ற ஓடுகளில் எல்லாம் வெயில் ஏறியிருக்கும். அவன் மனைவி ஜக்கம்மாள் விளக்கு இல்லாமல் உப்புப் பானையைத் தேட முடியாது. மலைக்குப் போகும் கடைசி மாடு கொட்டகுடி ஆற்றைத் தாண்டிய பிறகே அங்கே வெளிச்சம் வரும். அதற்காக மாலையில் வெயில் கூடுதலாக நின்றதும் இல்லை.

அதற்கு முன் நடந்த கடைசிச் சாதாரண காரியம் ஒரு முடிச்சு. 1896 மார்கழியில் ஒரு காலை, வீரையா செவலை மாட்டின் வயிற்றுக்கடியில் குனிந்து பொதிக்கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். ஜக்கம்மாள் நிறைகுடத்தோடு எதிரே வந்து, மாட்டு வரிசையைக் கடந்து, வீட்டுக்குப் போனாள். எதிரே வருவது அவளுடைய அன்றாடச் சோலி. கலியாணமான புதிதில் ஓர் அடைமழை வருஷம் அவள் தற்செயலாக எதிரே வந்த அன்று மலையேறிய முப்பது மாடும் குளம்பு நோகாமல் திரும்பின. அதிலிருந்து அவள் முகத்தில் விழிக்காமல் யாரும் மாட்டைக் கிளப்பவில்லை. அரிசியும் உப்பும் ஏறுவதும் ஏலக்காய் இறங்குவதும் அந்த முகத்தை நம்பி நடந்தன. அவளுக்கு அதில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. தொட்டித் தண்ணீரில் குனிந்து, கண் வீங்கியிருக்கிறதா, உதடு கோணியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவாள். காய்ச்சல் கண்ட நாளிலும் மஞ்சள் பூசிக்கொண்டு வந்தாள். "ஊர் பூராவும் பாத்தது போக மிச்சம் இருந்தா எனக்கும் கொஞ்சம் காட்டு" என்பான் வீரையா.

மூன்றாம் நாள் சேதி வந்தது. குரங்கணிக்கு மேலே ஒரு திருப்பத்தில் செவலை சறுக்கியது. கயிற்றைப் பிடித்திருந்தவனும் அதோடு போனான்.

யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மறுநாள் காலை அவள் தண்ணீருக்குப் போனபோது மாட்டுக்காரர்களில் ஒருவன் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டினான், ஒருவன் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தான், மற்றவர்கள் சுவரைப் பார்த்து நின்றார்கள். அத்தனை முதுகுகளை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்த நாள் அவள் வீட்டில் விடியவில்லை. வெயில் வாசல் சாக்கடை வரை வந்து, அங்கேயே நின்றது. பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி எட்டிப் பார்த்து, "சூரியன்கூட சகுனம் பாத்துக் கெளம்புதுடி" என்றாள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஜக்கம்மாளுக்கு அது நியாயமாகவே பட்டது.

பிறகு வருஷங்கள் போயின. செல்லக்கிளியின் சேவல் அந்த முற்றத்துக்குள் நுழைந்தால் நின்றபடி தூங்கியது. செல்லக்கிளி தன் மிளகாய் வற்றலை அந்தப் பக்கச் சுவரிலிருந்து கிழக்குச் சுவருக்கு மாற்றினாள். வரி கேட்டு வந்தவர் இருட்டில் வாசற்படி தடுக்கி விழுந்து, அதிலிருந்து மதியத்தில் வந்தார். கொட்டகுடிக்கு மேலே தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கி இறங்கத் தொடங்கின. ஏலத்தோட்டங்களுக்கு மட்டும் மாடுகள் நடந்துகொண்டிருந்தன. ஜக்கம்மாள் மண்டிக்காரரிடமிருந்து ஏலக்காய் வாங்கி வந்து இருட்டிலேயே தரம் பிரித்தாள்; பெரியதும் சிறியதும் விரலுக்குத் தெரிந்தன. தொட்டியை மரப்பலகையால் மூடி வைத்தாள். அவள் முகம் எப்படி இருக்கிறது என்று தெருவுக்கு மறந்தது. அவளுக்கும் மறந்தது.

1918இல் விஷக்காய்ச்சல் வந்து வீட்டுக்கு ஒருவரைக் கொண்டுபோனது. ஐப்பசியில் ஒரு காலை மொக்கச்சாமி அவள் வாசலில் வந்து நின்றான். வீரையாவுக்குப் பின்னால் அடுத்த மாட்டை ஓட்டிப்போனவன் அவன். இப்போது பெண்டாட்டியும் இல்லை, மாடும் மூன்றுதான். மலையில் தோட்டத்து ஆட்கள் அரிசி இல்லாமல் கிடந்தார்கள். அவன் வெயிலில் நின்றபடி இருட்டுக்குள் பேசினான்.

"மதினி, கொடத்தத் தூக்கிட்டு வெரசா எதிர வாங்க. தெருவுல தாலியோட ஒரு பொம்பளை மிச்சமில்ல."

"எம் மூஞ்சியில முழிச்சுட்டுப் போனவரு திரும்பல. தெரிஞ்சே கேக்குறீகளே தம்பி."

"அண்ணன் அன்னைக்கு ஒங்க மூஞ்சியப் பாக்கல."

உள்ளே காய் பொறுக்கும் சத்தம் நின்றது.

"செவலைக்குக் கயிறு இழுத்துக்கிட்டிருந்தாரு. குனிஞ்ச தலை நிமிரல. நீங்க வீட்டுக்குள்ள போன பொறகு, 'போயிட்டாளா'ன்னு கேட்டாரு. போயிட்டாகன்னேன். 'சரி, வந்து பாத்துக்கிறேன்'னாரு."

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா சந்தோசப்படுவீகளா அழுவீகளான்னு தெரியல. பேசாம இருந்துட்டேன்."

ஜக்கம்மாளுக்கும் தெரியவில்லை. வீரையா கடைசியாகப் பார்த்தது தன் முகம் என்பதை இருபத்திரண்டு வருஷம் ஒரு குற்றம்போல வைத்திருந்தாள். அது போன பிறகுதான், தன்னிடம் வேறெதுவும் இருந்ததில்லை என்று தெரிந்தது. வெளியே மாடுகள் கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு நின்றன. மொக்கச்சாமி சுவரைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் அவள் தொட்டிப் பலகையை நகர்த்தும் சத்தம் கேட்டது. குடத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு இருட்டிலிருந்து வெயிலுக்குள் வந்தாள்.

"வயசாயிப்போச்சு மதினி."

"ஒங்களுக்கு மட்டும் கொறஞ்சிருக்கா?"

வரிசையைக் கடக்கும்போது முதல் மாட்டின் வயிற்றுக்கடியில் ஒரு முறை குனிந்து பார்த்தாள். அங்கே கயிறு மட்டும் இருந்தது. ஐந்தாம் நாள் மொக்கச்சாமி திரும்பினான். ஒரு மாடு நொண்டியது, ஒரு மூட்டை ஏலக்காய் நனைந்திருந்தது. அதை நல்லதென்றும் கெட்டதென்றும் யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு எட்டு வருஷம், சாகும் வரை, கேட்டவர்களுக்கு எதிரே போனாள். சிலர் திரும்பினார்கள், சிலர் திரும்பவில்லை.

அந்த வீட்டில் மட்டும் விடியல் மாறவில்லை. அவள் போன பிறகு குடிவந்தவர்களும் காலையில் விளக்கேற்றித்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். செல்லக்கிளி இன்னும் மிளகாயைக் கிழக்குச் சுவரில்தான் காயப்போடுகிறாள்.