தேய்க்கக் கூடாத கார்டு

அந்த வீட்டில் நிதி அமைச்சர் மனைவிதான். லிப்ட் மெக்கானிக்கான கணவருக்குச் சம்பளத்தை வாங்கி அவள் கையில் கொடுப்பதோடு வேலை முடிந்தது. ஊரில் இருக்கிற லிப்டை எல்லாம் ஏற்றி இறக்குகிற மனுஷனுக்கு வீட்டுக் கணக்கில் மட்டும் ஏற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது என்று அவள் சொல்லிக் காட்டுவாள். அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். அப்படித் தலையாட்டுவதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அக்காவுக்கு ஆபரேஷன் என்றபோது மட்டும் அவர் யாரையும் கேட்கவில்லை. அப்பா அம்மா போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. தன் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப் போட்டு அவரைப் படிக்க வைத்தவள். நேராகப் போய் ஆஸ்பத்திரி பில் முழுவதையும் கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு வந்து நின்றார். மனைவி சண்டை போடவில்லை. "நல்லதுதான் பண்ணீங்க" என்றாள். மாதங்கள் போகப் போகத்தான் இருவருக்கும் விஷயம் புரிந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கட்டுகிற பணத்தை எல்லாம் வட்டி தின்றுவிட்டு, அசலை அப்படியே விட்டு வைத்திருந்தது.

அவள்தான் நாலு இடத்தில் விசாரித்து வழி கண்டுபிடித்தாள். வேறொரு வங்கியில் புதுக் கார்டு வாங்கினால் பழைய கடனை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஒன்றரை வருஷத்துக்கு அந்தக் கடனுக்கு வட்டி இல்லை. ஆனால் ஒரு கொக்கி வைத்திருந்தார்கள். சாதாரணக் கார்டில் இன்றைக்கு வாங்கி அடுத்த மாதம் வட்டியில்லாமல் கட்டுவது போல இதில் கட்ட முடியாது. மாற்றிய கடன் மொத்தமும் தீரும்வரை, புதிதாக எதை வாங்கினாலும் வாங்கிய அன்றைக்கே அதற்கு வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

"இதுல ஒரு தீப்பெட்டிகூட வாங்கக் கூடாது, புரியுதா?" என்றாள்.

"புரியுது."

"என்கிட்ட இருந்தா எங்கயாவது பாதி விலைன்னு போர்டைப் பாத்து மனசு மாறிடும். நீங்களே வெச்சுக்கங்க. உங்க பர்சுல வெச்சா பெட்டியில வெச்சுப் பூட்டின மாதிரி."

விஷயம் அக்கா காதுக்கும் போனது. "டேய் பொடியா, என் உடம்புக்காக நீ வட்டி கட்டினேன்னு இனிமே நான் கேக்கக் கூடாது" என்றாள் போனில். "ஒத்தக் காசு கட்ட மாட்டேன்க்கா" என்று வாக்குக் கொடுத்தார்.

கொடுத்த வாக்கை அவர் பிடித்த பிடியாகப் பிடித்துக்கொண்டார். ஒருநாள் வழியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. கையில் காசில்லை. பர்சில் கார்டை வைத்துக்கொண்டே வேகாத வெயிலில் வண்டியை வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தக் கதையை அக்காவிடமும் சொல்லி, இரண்டு பெண்களும் போனில் அவர் மானத்தை வாங்கினார்கள். அவருக்கோ உள்ளுக்குள் பெருமைதான்.

கடன் பாதி தீர்வதற்குள் அக்காவுக்கு நோய் திரும்பி வந்தது.

ஒரு மத்தியானம் அவர் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், மோட்டார் அறைக்குள் பிரேக்கைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தபோது அக்கா மகள் கூப்பிட்டாள்.

"மாமா, உடனே கிளம்பி வாங்க. அம்மா நினைவோடதான் இருக்காங்க. 'பொடியன் வந்துட்டானா'ன்னு கதவையே பாத்துக்கிட்டு இருக்காங்க. டாக்டர் ராத்திரி தாங்காதுன்னு சொல்றார் மாமா."

கூட இருந்தவனிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு, கையிலிருந்த கிரீஸைக்கூடக் கழுவாமல் பஸ் நிலையத்துக்கு ஓடினார். அக்கா ஊர் வண்டியில் ஒரே ஒரு சீட் பாக்கி என்றார்கள் கவுண்டரில். கையில் இருந்த காசு பாதி டிக்கெட்டுக்குத்தான் காணும். சம்பளக் கார்டு, அமைச்சரின் உத்தரவுப்படி, மாதக் கடைசியில் வீட்டு அலமாரியில் இருந்தது. போனில் பணம் அனுப்புகிற வித்தை அவருக்குப் பழக்கமில்லை. மனைவியைக் கூப்பிட்டார், வேலையிடத்தில் இருந்தவள் எடுக்கவில்லை. யாரிடமாவது கைமாற்றுக் கேட்டிருக்கலாம். பதறிக்கொண்டு நிற்கிறவனுக்கு அதெல்லாம் எங்கே தோன்றுகிறது?

"கார்டு இருந்தா குடுங்க சார்" என்றார் கவுண்டர்காரர்.

அவர் கார்டை வெளியே எடுத்தார். எடுத்து, கண்ணாடித் துவாரம்வரை கொண்டு போனார். ஒத்தக் காசு கட்ட மாட்டேன் என்று சொன்னது ஞாபகம் வந்தது. சாகக் கிடக்கிறவளுக்குக் கொடுத்த வாக்கை, அவளைப் பார்க்கப் போகிற வழியிலேயே உடைப்பதா?

"அடுத்த வண்டி எப்பங்க?"

"சாயங்காலம்தான். இது இப்ப எடுத்துருவாங்க."

டாக்டர் ராத்திரி என்றுதானே சொன்னார், சாயங்கால வண்டி போதும் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டார். வாழ்நாளில் அவர் தானாகப் போட்ட கணக்கு அது ஒன்றுதான். கார்டைப் பர்சில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சம்பளக் கார்டை எடுத்து வந்தார்.

சாயங்கால வண்டி பாதி வழி போவதற்குள் போன் வந்தது. அக்கா மகள் அழுத அழுகையிலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். "மத்தியான வண்டியில வந்துடுவீங்கன்னு நான்தான் மாமா சொன்னேன்" என்று அக்கா மகள் அவர் தோளில் விழுந்து அழுதாள். "வண்டி வர்ற நேரம் தாண்டியும் கதவைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க." அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேலைக்குத் திரும்பிய அன்றைக்கு, மோட்டார் அறையில் தனியாக உட்கார்ந்து வங்கிக்குப் போன் போட்டார்.

"ஒரு சந்தேகம்ங்க. இந்தக் கார்டுல ஒரு பஸ் டிக்கெட் வாங்கி, ஒரு வாரத்துல அந்தப் பணத்தைக் கட்டியிருந்தா எவ்வளவு வட்டி வந்திருக்கும்?"

போனை எடுத்த வங்கிப் பெண் டிக்கெட் விலையைக் கேட்டுக் கணக்குப் போட்டாள். "ஒரு டீ குடிக்கிற காசுகூட வராது சார்" என்றவள், உற்சாகமாகச் சேர்த்துக்கொண்டாள்: "ஆனா நீங்க தேய்க்காம இருந்தீங்க பாருங்க, அதுதான் சார் நல்ல பழக்கம். பாதிப் பேர் இதுலதான் கையைச் சுட்டுக்குவாங்க."

"ரொம்ப நன்றிம்மா" என்று வைத்துவிட்டு, அந்த மோட்டார் சத்தத்துக்கு நடுவில் வாய்விட்டு அழுதார். கீழே ஜனங்கள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள்.

வீட்டில் மனைவி சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அக்கா போனதிலிருந்தே அவளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. எதையோ கேட்க வந்து வந்து மென்று விழுங்கிக்கொண்டிருந்தவள் அன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கு அந்தக் கார்டு உங்க பர்சுலதானே இருந்துச்சு? ஏங்க தேய்க்கல? நான் சொன்னேன்னுதானே?"

அவர் அவளைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன ஒரு பொய்யும் அவளிடம் நின்றதில்லை. சொல்லி முடிப்பதற்குள் மாட்டிக்கொள்வார்.

"தேய்ச்சேனே. அவங்க மெஷின் ரிப்பேர்."

"நெஜமாவா?"

"மெஷின் விஷயத்துல நான் பொய் சொல்வேனா?"

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். "நான்தான் அவங்களைப் பாக்க விடாம பண்ணிட்டேனோன்னு செத்துக்கிட்டு இருந்தேங்க" என்றாள். அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் தட்டை இழுத்து இரண்டு வாய் சாப்பிட்டாள்.